கணக்கு யாருடைய சொத்து?

திருவண்ணாமலையோடு தொடர்புடைய வரவு செலவுக் குறிப்புகளில் மிகப் புகழ்பெற்றது கோயில் சுவரிலும் இல்லை, செப்பேட்டிலும் இல்லை. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தில் இருக்கிறது. அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்கென்று கையில் வந்த 5 ரூபாயில் 3 ரூபாயை வழிச்செலவுக்காக அவன் எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்தான். சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும், இத்தனை ரூபாய் மிச்சம் இருக்கிறது என்பதையும் மறக்காமல் குறித்தான். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கி ரயிலேறிய அந்தப் பையன் செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் சன்னதிக்கு வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

பக்தர்கள் அந்தக் கடிதத்தை 'நான்' என்பது 'இது' ஆக மாறிய ஆவணமாகப் படிப்பார்கள். அது சரியான வாசிப்புதான். ஆனால் கணக்கியலின் வரலாற்றைத் தேடுகிற ஒருவருக்கு அதில் வேறொன்றும் தென்படும். உலகத்தையே துறந்து போகிற ஒருவன், எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தேன், எது கட்டப்படாமல் நிற்கிறது, எவ்வளவு இருப்பு என்ற நான்கையும் பிசகாமல் சொல்லிவிட்டுப் போகிறான். வணிகவியல் வகுப்பு எதிலும் அவன் அமர்ந்ததில்லை. அவனுடைய தந்தை சுந்தரமய்யர், கணக்குப்பிள்ளை ஒருவரிடம் மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பிறகு திருச்சுழியில் வக்கீலாக உயர்ந்தவர். கணக்கு அந்த வீட்டில் காற்றைப்போல இருந்திருக்க வேண்டும்.

அப்படி வீட்டில் காற்றாக இருந்த கணக்கு எப்போது கல்லூரிக்கு வந்தது? வீட்டில் அது இல்லாதவர்கள் அதை எங்கே போய்க் கற்றார்கள்? இந்தக் கட்டுரையின் கேள்விகள் இவைதாம்.

*

அண்ணாமலையார் கோயிலில் சோழர் காலந்தொட்டு நன்கொடைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வரலாற்றை நாடி அவற்றைப் படிப்பவர் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுவதுண்டு. அதைத் தாண்டிப் போனால் வருவதெல்லாம் கணக்கு. யார் கொடுத்தார், எவ்வளவு நிலம், அதன் எல்லை என்ன, எந்த அளவுக் கருவியால் அளந்து தரவேண்டும், யார் பொறுப்பு, எது வரைக்கும் என்ற விவரங்கள்.

சோழர் காலத்துத் தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் விளக்குக் கொடையை எடுத்துக்கொள்வோம். ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அதற்காகப் பெரும்பாலும் 96 அல்லது 90 ஆடுகளைக் கொடையாளர் விட்டுவைப்பார். ஆடுகளை ஏற்றுக்கொள்ளும் இடையர் அன்றாடம் நெய் அளக்கக் கடமைப்பட்டவர். இந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? ஆடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை மட்டும் 96 ஆகவே நிற்கவேண்டும். முதல் குறையக்கூடாது, விளைவை மட்டுமே செலவிடலாம் என்பது பொருள். மூலதனம் என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாக ஒரு பாடநூல் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே.

கணக்கு இப்படிச் சுவரில் எல்லோரும் பார்க்க நின்றது. ஆனால் எழுதும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. ஊர்க்கணக்கு, கோயில்கணக்கு என்று கல்வெட்டுகளின் இறுதியில் கையெழுத்திடுகிறவர்கள் ஒரு சிறு கூட்டம். பொது இடத்தில் எழுதப்பட்ட கணக்கு, சிலருடைய கையில் மட்டுமே இருந்த எழுத்தாணி என்ற இந்த இரட்டை நிலை அடுத்த பல நூற்றாண்டுகளுக்கும் தொடர்ந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் எண்சுவடியும் குழிமாற்றும் சொல்லிக்கொடுத்தன. கீழ்வாய் இலக்கமும் மேல்வாய் இலக்கமும் மனப்பாடமாகிவிட்ட பையன் முந்திரிக்கும் அரைக்காணிக்கும் தயங்கமாட்டான். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' நிலமும் பொன்னும் நெல்லும் அளக்கும் வழிகளைச் செய்யுளில் வைத்திருந்தது. ஆனால் கணக்கு தெரிவது வேறு, கணக்கராக இருப்பது வேறு. கிராமத்தின் கணக்குப்பிள்ளை பதவி, கர்ணம் பதவி, தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. எந்த நிலம் யாருடையது, எவ்வளவு தீர்வை, யார் பாக்கி என்பதை அறிந்த குடும்பம் ஊரில் ஒன்றுதான் இருக்கும். நிலம் வைத்திருந்தவனும் கணக்கு வைத்திருந்தவனைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பெரும் கணக்கு மரபு நகரத்தாருடையது. குறிப்பேடு, பேரேடு, பற்று வரவு, ஐந்தொகை என்று தமிழில் முழுமையாக இயங்கிய அமைப்பு அது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து பர்மா, மலேயா, இந்தோனேசியா வரையில் பரந்த வட்டிக்கடைகளின் வரவு செலவு தமிழ் ஏட்டிலேயே நடந்தது. சிறுவனாகப் போகிறவன் முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், திறமையும் நம்பிக்கையும் கூடினால் மேலாள். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் தெரியும். அது ஒரு கல்லூரிதான். அடித்தும் திட்டியும் ஏட்டைக் கிழித்து மறுபடி எழுதவைத்தும் கற்றுக்கொடுத்த கல்லூரி. சேர்க்கைக்குத் தேவைப்பட்டது சாதியும் உறவும் தெரிந்தவர் சிபாரிசும்.

*

பல்கலைக்கழக வணிகவியலின் வரலாற்றைப் பொதுவாக பம்பாயிலிருந்து தொடங்குவார்கள். இந்தியாவின் முதல் வணிகப் பள்ளி சென்னையில் 1886இல் தொடங்கியது என்பதும், அதைத் தொடங்கியவர்கள் பச்சையப்பன் அறக்கட்டளையினர் என்பதும் அந்த வரலாற்றில் ஒரு வரியாகக் கடந்துபோகும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது ஒரு நீண்ட கணக்கு வழக்கு.

பச்சையப்ப முதலியார் 1754இல் பிறந்தவர். கும்பெனிக்கும் உள்நாட்டாருக்கும் நடுவில் நின்ற துபாஷ். வெள்ளையரின் கணக்கையும் நம்மவர் கணக்கையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளத் தெரிந்ததே துபாஷியின் மூலதனம். 1794இல் இறப்பதற்கு முன் அவர் எழுதிய உயிலில் பெரும்பங்கு கோயில் தருமங்களுக்குப் போயிற்று. அவருக்குப் பின் சொத்து உரியவாறு செலவாகாமல் வழக்கில் சிக்கிக்கொண்டது. பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்து, வட்டியோடு வளர்ந்து, இறுதியில் கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. 1842இல் பள்ளி திறக்கப்பட்டது. பின்னர் கல்லூரியாக வளர்ந்த அந்த நிறுவனத்தின் அறங்காவலர்களே 1886இல் வணிகப் பள்ளியையும் தொடங்கினர்.

தருமத்துக்காக ஒதுங்கிய பணம், எழுதியவரின் நோக்கப்படி செலவாகாமல் கிடந்து, அதைக் கணக்குக் கேட்டு மீட்ட பின் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியாகவும் ஆனது. இந்தியாவில் வணிகக் கல்வியின் பிறப்பு இது. சாவா மூவாப் பேராட்டின் இன்னொரு பிறவி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்துக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்து வணிகக் கல்வியின் இலக்கு எளியது. கும்பெனி அலுவலகங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கணக்கெழுதவும் கடிதம் வரையவும் ஆட்கள் வேண்டும். கணக்கு வைப்பு, சுருக்கெழுத்து, பிறகு தட்டச்சு. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும் மாடியறையில் காணப்படும் தட்டச்சுப் பயிலகம் அந்தக் கல்வியின் வழித்தோன்றல்தான். பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தவறிய கும்பகோணத்து இளைஞர் ஒருவர் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். ராமானுஜனுக்கு அந்த வேலை உலகத்துக்குப் போகும் வழியில் ஒரு படி. வேறு ஆயிரம் பேருக்கு அதுவே உச்சி.

1895இல் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் அரசு ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் வந்தது. கணக்கைக் கட்டணம் கட்டிக் கற்கலாம் என்று ஒரு கை கதவைத் திறக்கும்போதே, கிராமக் கணக்கு பரம்பரைச் சொத்துதான் என்று இன்னொரு கை சட்டம் எழுதியது. அடுத்த 85 ஆண்டுகள் தமிழ்நாட்டுக் கணக்கு இந்த இரண்டு கைகளுக்கு நடுவில்தான் இருந்தது.

*

கணக்கு எழுதுவது ஒரு கலை. எழுதிய கணக்கு உண்மைதானா என்று பார்ப்பது வேறொரு கலை. இரண்டாவதன் தேவையைச் சென்னை வலியோடு கற்றுக்கொண்டது.

1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கும்பெனி கதவை மூடியது. சென்னையின் பெயர்பெற்ற வெள்ளையர் வங்கி நிறுவனம். ஓய்வூதியக்காரர், விதவைகள், சிறுவணிகர், ஜமீன்தார் என்று ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதில் இருந்தது. உள்ளே நெடுநாளாக ஓட்டை என்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களின் பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான். அந்தக் காயத்திலிருந்து வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் நகரத்தாரின் துணையோடு 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்ற சுதேசி உணர்வு அது. ஆனால் நம் வங்கியின் கணக்கை யார் தணிக்கை செய்வது? தகுதி பெற்ற தணிக்கையாளர் என்றால் அன்று பெரும்பாலும் இங்கிலாந்தின் சங்கங்களைச் சேர்ந்தவர்தான்.

1913ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டம் கம்பெனிக் கணக்குகளின் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. தணிக்கையாளருக்கு அரசின் சான்று வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் பம்பாயில் சிடனம் வணிகவியல் பொருளியல் கல்லூரி திறக்கப்பட்டது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இணைவில், பி.காம். பட்டத்துக்கென்றே எழுந்த கல்லூரி. ஆசியாவின் முதல் வணிகவியல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். பெயர் அதுவரை மாகாண ஆளுநராக இருந்த சிடனம் பிரபுவுடையது. ஊதியமின்றி அதன் முதல் முதல்வராக இருந்தவர் கே.எஸ். ஐயர். பெயரிலேயே தெற்கைச் சுமந்துகொண்டு பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். வணிகம் என்பது கடையில் உட்கார்ந்து கற்கவேண்டியது, அதற்கு ஏன் பட்டம் என்று கேட்டவர்கள் அன்று பலர். மருத்துவமும் சட்டமும் பல்கலைக்கழகத்துக்குள் வந்ததுபோலக் கணக்கும் வரவேண்டும் என்பது ஐயர் போன்றோரின் பதில்.

அந்தக் கல்லூரியில் 1918 முதல் 1920 வரை அரசியல் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர் பி.ஆர். அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அவர், ஆசிரியர் அறையின் குடிநீர்ப் பானையைத் தொடுவதற்கு உடன் பணியாற்றியவர்களில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கணக்கைக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குக் கொண்டுவருவது ஒரு காரியம். கல்லூரிக்குள் குடும்பமும் சாதியும் நுழையாமல் பார்ப்பது அதைவிடக் கடினமான இன்னொரு காரியம்.

1918இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் தொடங்கப்பட்டது. ஜி.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தேர்ச்சி பெறுவது மட்டும் போதாது, அங்கீகாரம் பெற்ற கணக்காளர் ஒருவரிடம் மூன்றாண்டு பயிற்சி பெற்றிருக்கவேண்டும். பழைய அடுத்தாள் முறையே சட்டை மாற்றிக்கொண்டு வந்ததுபோலத்தான். நல்லது ஒன்று, ஏட்டறிவோடு கையறிவும் சேர்ந்தது. கெட்டதும் ஒன்று, பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் அலுவலகம் கிடைத்தால்தான் பட்டயம். அந்த அலுவலகத்தின் கதவு யாருக்குத் திறக்கும்?

*

அந்தக் கதவைத் தட்டித் திறந்தவர்களில் ஒருவரைத் தமிழ்நாடு போதிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஆர். சிவபோகம் 1907இல் சென்னையில் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரி மாணவி. சகோதரி சுப்புலட்சுமியின் ஊக்கத்தில் வளர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார். திருவண்ணாமலையும் அன்று சேர்ந்திருந்த வட ஆற்காடு மாவட்டத்தின் வேலூர். சிறையில் இருக்கும்போதுதான் கணக்கியல் படிப்பது என்று முடிவெடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1933இல் ஜி.டி.ஏ. தேர்ச்சி பெற்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். தேர்ச்சி பெற்ற பிறகுதான் உண்மையான தடை வந்தது. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என்றது விதி. நாட்டுக்காகச் சிறை சென்றது நன்னடத்தைக் குறைவு என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. சிவபோகம் பணிந்துபோகாமல் வழக்காடி வென்றார். 1937இல் தனியாகத் தொழில் தொடங்கினார்.

1949 ஜூலை 1 அன்று பட்டயக் கணக்காளர் சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் பிறந்தது. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு ஏழு மாதங்கள் முன்பே கணக்காளர்களுக்கான சட்டம் வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவின் தலைவராகச் சிவபோகம் 1955 முதல் 1958 வரை இருந்தார். முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெறும் பெண்களுக்காக 1956இல் ஒரு பரிசை ஏற்படுத்தினார். 1966 ஜூனில் மறைந்தார்.

அவர் மறைந்த அதே 1966இல்தான் திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. இருந்தாலும் இந்த வரலாற்றை எழுதுகிறவருக்கு அந்த ஆண்டைக் கடந்துபோக மனம் வருவதில்லை.

*

திருவண்ணாமலையின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் 1929இலேயே வந்துவிட்டது, ஆனால் சிதம்பரத்தில். ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் பெயரால் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பேரேடு எழுதிச் சேர்த்த பொருள் கல்விக்குத் திரும்பியதற்கு அது பெரிய சான்று. 1947இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி மற்றொரு சான்று. 1979 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி, கடையில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் எழுத வழி செய்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவில் தொடங்கி, 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்த பின் அதன் இணைவில் இருக்கும் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி இன்று கலைஞர் கருணாநிதியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கே வணிகவியல் ஒரு துறை. சிடனம் போலத் தனிக் கல்லூரி அன்று, ஒரு கலைக் கல்லூரியின் ஒரு பகுதி. தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர்களில் கணக்கியல் பெரும்பாலும் இப்படித்தான் பயிலப்படுகிறது. இதைச் சிறிய காரியமாக நினைத்துவிடக்கூடாது. செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் கலசபாக்கத்திலிருந்தும் பேருந்தில் வருகிற பிள்ளைகளில், வீட்டில் பேரேடு என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் பலர். மணிலாவும் நெல்லும் விளைகிற மண் அது. அறுவடையை விற்றுவிட்டு வருகிற தகப்பனாரின் கையில் கமிஷன் மண்டிக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு இருக்கும். அந்தச் சீட்டைப் படித்துக் கழிவு சரியா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் முதன்முறையாக உருவாகிறது. பல்கலைக்கழகம் அதற்குக் கொடுக்கும் பெயர் பி.காம்.

கிராமத்துக் கணக்கிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1960 டிசம்பரில், கிராமப் பதவி அரசுப் பணியே, அதை வாரிசு என்ற காரணத்தால் மட்டும் ஒருவருக்கு ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஆந்திரத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் மையத்தில் இருந்தது அதே 1895ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் வழியாகக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அவர்கள் இடத்தில் தேர்வெழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்ந்தார்கள். பதவியிழந்தவர்களில் நேர்மையாக, குறைந்த ஊதியத்தில் பல்லாண்டு உழைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய துயரத்தையும் வரலாறு குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஊரின் கணக்கு ஒரு குடும்பத்தின் பரணில் இருந்து இறங்கியது அந்த ஆண்டில்தான். 1895இல் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்ற இரண்டு கைகளில் ஒன்று அப்போதுதான் விலகியது.

*

எனில் கணக்கு எல்லோருடைய சொத்தாகிவிட்டதா? இன்னும் ஒரு பூட்டு பாக்கியிருக்கிறது. அது மொழி.

நம் மேல்நிலைப் பள்ளிகளில் கணக்குப்பதிவியல் தமிழில் கற்பிக்கப்படுகிறது. அதன் சொற்களைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு எல்லாம் கடைத்தெருவிலிருந்து வந்தவை. எந்தக் குழுவும் உட்கார்ந்து உருவாக்கியவை அல்ல. இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு, கடனீந்தோர் என்பவை பாடநூலுக்காக ஆக்கப்பட்டவை. ஐந்தொகை என்ற அழகான சொல் கைவிடப்பட்டதற்கு நான் வருந்துவதுண்டு. ஆனால் இயற்பியலிலும் வேதியியலிலும் இல்லாத வாய்ப்பு கணக்கியலுக்கு உண்டு. அதன் அடித்தளச் சொற்கள் தமிழில் ஏற்கனவே உயிரோடு இருந்தன.

அந்த வாய்ப்பிலேயே ஒரு சிக்கலும் உண்டு. ரொக்கம் கைக்கு வந்தால் கடைக்காரர் 'வரவு' என்பார். இரட்டைப்பதிவு முறையில் அதே ரொக்கத்தை ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதவேண்டும். பதினோராம் வகுப்பு மாணவர் முதல் வாரத்திலேயே இங்கே இடறி விழுவார். வந்த பணம் எப்படிப் பற்றாகும்? பழைய பேரேட்டின் முறையில் இதற்கு எளிய விடை உண்டு. பேரேட்டில் ஒவ்வொரு கணக்கும் ஒரு ஆள். கொடுத்தவன் பேரில் வரவு வை, வாங்கியவன் பேரில் பற்று எழுது. ரொக்கப் பெட்டியையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளவேண்டும். பெட்டி பணத்தை வாங்கிக்கொண்டது, ஆகவே பெட்டியின் பேரில் பற்று. வெனிஸ் நகரத்தில் 1494இல் லூக்கா பச்சியோலி அச்சேற்றிய முறையும் நம் வட்டிக்கடை ஏடும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் இது. இதை இப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் படித்த பிள்ளை பிறகு தடுமாறுவதில்லை.

அந்தப் பிள்ளை தமிழில் கணக்கைப் புரிந்துகொண்டு, பி.காம். முடித்து, பட்டயக் கணக்காளர் ஆகவேண்டும் என்று விரும்பினால் என்ன நடக்கிறது? அந்தத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. ஒரு காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் பெருந்தொகைகளைத் தாங்கிய மொழி, இன்று அந்தத் தேர்வு அறையின் வாசலில் செருப்போடு நிற்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகத்தோடு வணிகம் செய்கிறவருக்கு அது வேண்டும். இரண்டு மொழிகளுக்குக் கிடைத்த கதவு மூன்றாவது மொழிக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி. சிறை சென்றவர்க்குப் பதிவில்லை என்ற விதியும் அன்று இயற்கை நியதிபோலத்தான் தோன்றியிருக்கும், சிவபோகம் அதை வழக்கில் நிறுத்தும் வரை.

கணக்கு யாருடைய சொத்து என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. கோயில்கணக்கு எழுதியவரின் சொத்து, கர்ணத்தின் மகனுடைய சொத்து, செட்டிநாட்டு அடுத்தாளின் சொத்து, ஆங்கிலம் தெரிந்தவரின் சொத்து. ஒவ்வொரு விடையும் அதற்கு முந்தையதைவிடச் சற்று அகலமானது. எந்த விடையும் தானாக அகலவில்லை. யாரோ வழக்காடினார்கள், யாரோ பள்ளி திறந்தார்கள், யாரோ சட்டத்தை மாற்றினார்கள்.

அந்த 3 ரூபாய் என்னவாயிற்று என்று சிலருக்குத் தோன்றலாம். வழியில் கீழூரில் தங்கக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்த பையன், மீட்பதற்காக எழுதிக்கொடுக்கப்பட்ட முகவரியைக் கிழித்துப் போட்டான். அண்ணாமலைக்கு வந்தபின் கையில் மிஞ்சிய காசையும் எறிந்துவிட்டான். எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் முடித்துவிட்டு மலையடியில் அமர அவரால் முடிந்தது. நம்மில் மற்றவர்கள் பேரேட்டைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வாழவேண்டியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த கண்களின் எண்ணிக்கை கூடட்டும்.